ஐந்நூறு இலைக்கும் ஒரே உப்பு

வணக்கம் நேயர்களே. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும், வயலுக்குப் போகிற வழியில் கைத்தொலைபேசியில் கேட்பவர்களுக்கும், முக்கியமாக அடுப்படியில் நின்றபடி கேட்பவர்களுக்கும் வணக்கம். அடுப்பில் பால்கறி இருந்தால் கிண்டிக்கொண்டே கேளுங்கள். என் பேச்சுக்காக உங்கள் பால் திரைந்துபோக வேண்டாம்.

தொலைக்காட்சிச் சமையல் போட்டிகளைப் பற்றிக் கதைக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள், நன்றாகத் திட்டுவாள் என்று நினைத்திருப்பார்கள் போல. நானும் அந்தப் போட்டிகளை விடாமல் பார்க்கிறவள்தான். பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு வழக்கு வளர்ந்துகொண்டே போகிறது, அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். ஒரு சாப்பாட்டை ஒரு தடவை அற்புதமாகச் சமைப்பது ஒரு திறமை. அதே சாப்பாட்டை இன்றைக்கும் நாளைக்கும் அடுத்த கிழமையும், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே மாதிரி வைப்பது வேறு திறமை. இரண்டாவதுதான் சமையல்காரரின் தொழில். தொலைக்காட்சி முதலாவதை மட்டும் காட்டுகிறது. பெரிய பெரிய உணவகங்களோ இரண்டாவதில்தான் உயிர் வாழ்கின்றன.

முதலில் இந்தப் போட்டிகள் எங்கேயிருந்து வந்தன என்று சுருக்கமாகப் பார்ப்போம். இங்கிலாந்தில் பிபிசி 1990இல் மாஸ்டர்செஃப் என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1993இல் ஜப்பானில் ஃபுஜி தொலைக்காட்சி அயன் செஃப் என்று ஒன்றைத் தொடங்கி, சமையலை மல்யுத்தம் மாதிரி ஆக்கியது. அவுஸ்திரேலியா 2009இல் மாஸ்டர்செஃப்பைத் தன் பாணியில் எடுத்தது; உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் அந்தப் பாணிதான். நம் வீடுகளுக்குத் தமிழில் வந்தவை உங்களுக்கே தெரியும். 2019இல் விஜய் டிவியின் குக் வித் கோமாளி, 2021இல் விஜய் சேதுபதி நடத்திய சன் டிவியின் மாஸ்டர்செஃப். கோமாளி நிகழ்ச்சியைச் சமையல் நிகழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே பார்ப்பேன், அதை மறைக்கவில்லை.

இதற்கு எவ்வளவு மவுசு இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். 2010ஆம் ஆண்டு யூலை 25, ஞாயிற்றுக்கிழமை. அவுஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல் வரப்போகிறது. பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டும் தொலைக்காட்சியில் விவாதம் செய்யவேண்டும். அதே இரவில் மாஸ்டர்செஃப் இறுதிப்போட்டி. எது விட்டுக்கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? விவாதம்தான். அதை மாலை 6.30க்கு முன்தள்ளி வைத்துவிட்டு, நாடே சமையல் பார்க்க உட்கார்ந்தது.

அன்றைக்கு இறுதியில் போட்டியாளர்கள் செய்யவேண்டியிருந்த இனிப்புக்கு ஸ்னோ எக் என்று பெயர். சிட்னியில் கீ என்ற உணவகத்தில் பீட்டர் கில்மோர் உருவாக்கியது. எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு அடித்து, மெதுவாக வேகவைத்து, நடுவிலே சீத்தாப்பழ ஐஸ்கிரீமை ஒளித்து, முட்டை உருவத்துக்குக் கொண்டுவருவார்கள். அதன் மேலே கண்ணாடிபோல மெல்லிய சீனித்தகடு ஒன்றை வைத்து நெருப்பு ஊதி உருக்கினால், முட்டைக்குத் தோல் போட்ட மாதிரி ஆகும். அடியில் கொய்யாப்பழத்தை இரண்டு விதமாகச் செய்து வைத்திருப்பார்கள். சீத்தாவும் கொய்யாவும்! நம் வளவுகளில் அணில் கடித்துப்போட்டது போக மிச்சத்தைச் சிறுபிள்ளைகள் பொறுக்குகிற பழங்கள். அது கிடக்கட்டும். ஆதம் லியாவ் என்ற போட்டியாளர் அன்றைக்கு வென்றார், கைதட்டல், கண்ணீர், எல்லாம்.

எனக்கு அப்போது வேறொரு ஆளைப் பற்றித்தான் யோசனை. அந்த நாட்களில் கீ உணவகத்தின் குசினியில் இனிப்புப் பகுதியில் நின்ற யாரோ ஒரு இளம் பிள்ளை. போட்டிக்காரர் உயிரைக் கொடுத்து ஒரு தடவை செய்த அதே முட்டையை அந்தப் பிள்ளை ஒவ்வொரு இரவும் மேசை மேசையாகச் செய்து அனுப்பியது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் அதைத்தானே கேட்டிருப்பார்கள்? ஒன்று உடைந்தாலும், ஒன்றின் தகடு தடித்தாலும் அனுப்ப முடியாது. கைதட்டலும் இல்லை. தொழில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

நான் சும்மா சொல்லவில்லை. உயர்தர உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் கையேட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயர் விற்கிற பிரெஞ்சுக் கொம்பனி. 1900இல் கார் ஓட்டுபவர்களுக்காகக் கையேடு போட்டார்கள், 1926இலிருந்து உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தார்கள். அவர்களுடைய பரிசோதகர் யாரென்று சொல்லாமல் வந்து, சாப்பிட்டு, பில்லைக் கட்டிவிட்டுப் போவார். பிறகு இன்னொருவர் வருவார். அவர்கள் பார்ப்பது ஐந்து விடயம். பொருட்களின் தரம், சமைக்கும் நுட்பம், சுவைகள் ஒன்றோடொன்று பொருந்துவது, சமையல்காரரின் தனித்துவம், இந்த நான்கையும் தொலைக்காட்சி நடுவர்களும் பார்க்கிறார்கள். ஐந்தாவது, காலம் போனாலும், பட்டியலில் எதைக் கேட்டாலும், தரம் மாறாமல் இருப்பது. போட்டியில் இதைச் சோதிக்க வழியே இல்லை. மேடையில் எல்லாமே ஒரு தடவைதான். இடைக்கிடை போட்டியாளர்களை ஒரு நிஜ உணவகத்துக்குக் கொண்டுபோய் இரவுச் சாப்பாட்டை ஓட்டவிடுவார்கள், அப்போது பாருங்கள். முந்தின நாள் நடுவர்களை அழவைத்த ஆள் பத்தாவது கோப்பையில் தடுமாறி நிற்பார்.

இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக ஒருக்கால் திரும்பச் சொல்கிறேன். ஒரு தடவை அற்புதம் செய்வது ஒன்று, மாறாமல் செய்வது இன்னொன்று.

இந்த இரண்டாவதை நான் பிரான்சிலோ சிட்னியிலோ கற்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கற்றேன். வைகாசி மாதத்தில் நம் பக்கமெல்லாம் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும், அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தியோடு முடியும். அந்த நாட்களில் அன்னதானத்துக்குச் சமைக்கிற ஒரு பெரியவரைத் தெரியும். பெயர் சொன்னால் கோபிப்பார், அதனால் சொல்லவில்லை. அவரோடு நின்று பார்க்கிற பாக்கியம் எனக்குப் பலமுறை கிடைத்தது. மாஸ்டர்செஃப் நடுவர்கள் ஓயாமல் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறதே, ருசி பார்த்தாயா, ருசி பார்த்தாயா என்று? அந்தக் கேள்வியை இவரிடம் கேட்க முடியாது. அம்மனுக்குப் படைக்கும் முன் வாயில் வைக்கக்கூடாது. கிடாரம் கிடாரமாகச் சமைக்கிறார், ஒரு துளி நாக்கில் படவில்லை.

உப்பு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாயில வைக்க ஏலாது பிள்ளை, கையும் மூக்கும் கண்ணும் இருக்குத்தானே" என்றார். அவ்வளவுதான் விளக்கம். நான் விடுவேனா? டீச்சர் புத்தி. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

முதலில் அரிசி. உலையில் போடும் முன் ஒரு பிடியை எடுத்துக் கையில் தேய்ப்பார். எந்தப் போகத்து நெல், எப்போது குத்தினது, எந்த மில் என்று கேட்பார். வைகாசியில் வருவது பெரும்பாலும் பெரும்போக நெல், அறுவடை முடிந்து மூன்று மாதம் போலத்தான் இருக்கும். புது அரிசி தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, சீக்கிரம் குழைந்துபோகும். பழைய அரிசி நிறையக் குடிக்கும். யாராவது போன வருட அரிசியை நேர்த்திக்கடன் என்று கொண்டுவந்து கொடுத்தால், அதை இதோடு கலக்கவே விடமாட்டார். வேறு கிடாரம். கலந்தால் ஒரே இலையில் பாதிச் சோறு கஞ்சி, பாதிச் சோறு கல்.

மறுகா உப்பு. கல்லுப்பை அப்படியே கறிக்குள் வீசமாட்டார். தண்ணீரில் கரைத்து, அடியில் மண் படியவிட்டு, தெளிந்த உப்புத்தண்ணீரைச் சிரட்டையால் அளந்து விடுவார். அந்தச் சிரட்டை அவருடையது, வேறு யாரும் தொடக்கூடாது. அளவுக்கருவி அல்லவா? உப்பு விட்டதும் குனிந்து ஆவியை முகர்வார். உப்புக் காணாவிட்டால் மணம் எழும்பாது என்று அவர் கட்சி. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் உப்பு கரையும்போது சில மணப்பொருட்கள் தண்ணீரை விட்டு மேலே கிளம்புவது இரசாயனத்தில் உள்ளதுதான். கறியில் போடுகிற அளவு உப்புக்கு அது மூக்குக்குத் தெரியுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவர் மூக்குக்குத் தெரிகிறது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். தயாரிப்பாளர் தம்பி மணிக்கூட்டைப் பார்க்கிறார், பரவாயில்லை, இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஐந்து பேருக்குக் கறி வைக்கத் தெரிந்த ஒருவர், எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் ஐந்நூறு பேருக்கு வைத்துவிடலாம் என்று நினைப்பார். வகுப்பில் இதைக் கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் பெருக்கித்தான் காட்டுவார்கள். ஆனால் கிடாரத்தின் வயிறு பெரிது, அதற்கேற்ற அளவுக்கு வாய் பெரிதில்லை. வீட்டுச் சட்டியில் வற்றுகிற மாதிரித் தண்ணீர் அதில் வற்றாது. நூறு மடங்கு தண்ணீர் விட்டவர் கத்தரிக்காய்க்கறிக்குப் பதிலாகக் கத்தரிக்காய்க் குளம்தான் வைப்பார். அடுத்தது சூடு. சின்னச் சட்டியை இறக்கினால் ஆறிவிடும். கிடாரத்தை இறக்கி, கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்த பிறகும், உள்ளே நீண்ட நேரம் வெந்துகொண்டே இருக்கும். ஆகவே பூசணிக்காய் வெந்துவிட்டது என்று கண் சொல்லும்போது இறக்கினால் பரிமாறும்போது களி. வேக இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்ற இடத்திலே இறக்கவேண்டும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் அவருடைய ஆயுள்காலப் படிப்பு.

சோற்றை வடித்து ஓலைப்பாயில் கொட்டிப் பரப்புவார். குவித்து வைத்தால் நடுச்சோறு தன் சூட்டிலேயே குழையும் என்பதால். முதற்பால் கடைசியில், நெருப்பைத் தணித்து, அகப்பையை நிறுத்தாமல். இதெல்லாம் முடிந்து, படைத்து, பந்தி தொடங்கிய பிறகுதான் முதல் வாய் சோறு யாருடைய வாயிலோ போகிறது. அந்த நேரம் அவர் பந்திப் பக்கம் வரமாட்டார். தூரத்தில் நின்று, எத்தனை பேர் உப்புக் கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். அதுதான் அவருடைய நடுவர் குழு.

முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் ஒரே கறி, ஒரே பதம். மிஷலின்காரர் கேட்கிற ஐந்தாவது விடயம் இதுதானே? பரிசோதகரை வைகாசியில் படுவான்கரைக்கு அனுப்பச் சொல்லி எழுதலாம். இலங்கைக்கு அவர்களுடைய கையேடே கிடையாது என்பது வேறு கதை.

சரி, மணிக்கூட்டுக்கு வருவோம். போட்டியில் எப்போதும் ஒரு மணிக்கூடு ஓடும். நேரம் முடியப்போகிறது என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். அந்தப் பதற்றத்தில் ருசி வருகிற சமையல்களும் இருக்கின்றன, பொரிப்பது, வதக்குவது எல்லாம். ஆனால் நம் சாப்பாட்டில் பாதி காத்திருந்து வருவது. அப்பத்துக்கு மா புளிக்கவேண்டும். எருமைத் தயிர் சட்டியில் உறையவேண்டும். கருவாடு காயவேண்டும். நேரத்தை நெருக்கினால் இவை வராது.

2021 அவுஸ்திரேலிய இறுதிப்போட்டியில் கிஷ்வர் சவுத்ரி என்ற வங்காளப் பெண் பாந்தா பாத் வைத்தார். பாந்தா பாத் என்பது பழஞ்சோறு, நேயர்களே! சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க வைத்து, விடிய எழும்பி, தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்து வயலுக்குப் போகும் முன் நாம் சாப்பிடுகிறோமே, அதன் வங்காள உறவு. இறுதிப்போட்டி மேடையில் இரவு முழுக்க ஊறவைக்க ஏது நேரம்? அவர் சோற்றுத்தண்ணீருக்குப் புகை ஊட்டி, உருளைக்கிழங்கு மசியலும் சாளை மீனும் சேர்த்துக் கொடுத்தார். நடுவர்கள் மெய்மறந்தார்கள். அவர் மூன்றாவதாக வந்தார். கெட்டிக்காரப் பெண். இரவு கொடுக்கிற சுவைக்குப் பதிலாகப் புகையை வைக்கலாம் என்று யோசித்த மூளையை மெச்சத்தான் வேண்டும். இருந்தாலும் நம் பழஞ்சோற்றுக்குப் புகை தேவையில்லை. இரவு தேவை.

அடுத்தது, போட்டியில் யாரைக் காட்டுவதில்லை என்பது. தேய்க்கிறவரைக் காட்டமாட்டார்கள். ஒருவர் சமைத்து முடிக்கும்போது எத்தனை சட்டி, எத்தனை கரண்டி? அவை எங்கே போகின்றன? மேசை அடுத்த நாள் பளபளவென்று நிற்கிறது. நம் ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாரிஸ் உணவகங்களின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, காய்கறி வெட்டி, மெல்ல மெல்ல அடுப்புக்கு முன்னேறியவர்களில் எத்தனை இலங்கைத் தமிழர்கள்! ஒவ்வொரு ஊரிலும் யாருடைய மாமாவோ மச்சானோ இருப்பார். முன்பக்கத்தில் மெழுகுதிரி, பின்பக்கத்தில் நம் பொடியன்.

உச்சத்தில் இருக்கிற உணவகங்களிலும் இதே கதைதான். கோப்பன்ஹேகனில் நோமா என்று ஒன்று, உலகத்தின் முதலிடத்து உணவகம் என்று பலமுறை பெயர் எடுத்தது. அங்கே பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் வெகுகாலம் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். 2022 ஒக்டோபரில்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த சனவரியிலேயே அதன் தலைவர் ரெனே ரெட்செப்பி, இப்படி ஒரு உணவகத்தை இனி நடத்திக்கொண்டு போக முடியாது என்று அறிவித்துவிட்டார். ஒரு பூவைச் சின்ன இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்கிற வேலைக்கு எத்தனை கை வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் ஏனென்று விளங்கும். இதைச் சொல்வதால் அங்கே போய்ச் சாப்பிட வாய்ப்புக் கிடைத்தால் மறுப்பேன் என்று நினைக்கவேண்டாம்.

நியாயமாகவும் சொல்லவேண்டும். இந்தப் போட்டிகள் வந்த பிறகு ஆண்பிள்ளைகள் குசினிக்குள் வந்தார்கள். நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் மனைப்பொருளியல் வகுப்பு வாசலில் ஒரு பொடியன் நின்றால் மற்றவர்கள் கூவிச் சிரிப்பார்கள். பிற்காலத்தில் பொடியன்களே கேள்விகேட்டு என்னை வதைத்தார்கள். 2024இல் இங்கிலாந்து மாஸ்டர்செஃப்பை வென்றவர் பிரின் பிரதாபன், மிருக வைத்தியர், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. அந்தச் செய்தி வந்த அன்று என் பழைய மாணவர்கள் எத்தனை பேர் அதை எனக்கு அனுப்பினார்கள் தெரியுமா? சந்தோசம்தான், பிள்ளைகளே. ஆனால் எல்லாரும் அனுப்பினபடியால் என் தொலைபேசி நிரம்பிவிட்டது.

இனித் தட்டு அலங்காரம். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. பாடசாலைப் போட்டிக்கு நடுவராகப் போனால் இப்போது சம்பலைக்கூடக் கரண்டியால் இழுத்து ஒரு கோடு போட்டுவிடுகிறார்கள். ஒரு கோட்டுச் சம்பலுக்கு எவ்வளவு பிட்டுச் சாப்பிடுவது? ஒருவருக்கு ஒரு தட்டு, நடுவில் கொஞ்சம் சாப்பாடு, சுற்றிலும் வெறுமை, இது ஒரு மரபு. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கல்யாண வீட்டுக்குப் போனால் சஹன் வைப்பார்கள். ஐந்தாறு பேர் ஒரே தாலத்தைச் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். அதில் அழகு வேறு இடத்தில் இருக்கிறது, இறைச்சித் துண்டை யார் யார் பக்கம் தள்ளிவிடுகிறார்கள் என்பதில்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். நண்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே. சுருக்கமாக. சிங்கப்பூரில் பேர்போன சில்லி நண்டுக்கு இலங்கைச் சேற்று நண்டைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். கொழும்பில் தர்ஷன் முனிதாச 2011இல் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப், அதே நண்டை நிறைப்படி விலை வைத்து, ஆசியாவின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. களப்பில் இறங்கிப் பிடிக்கிறவருக்கு எவ்வளவு போகிறது என்பது தனி உரைக்கு உரிய விடயம்.

கடைசியாக, பிள்ளை செஃப் ஆகப்போகிறேன் என்று நிற்கிற வீடுகளுக்கு. தடுக்காதீர்கள். சமையற்கலைக்கு என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ்ப் பயிற்சிகள் இருக்கின்றன, விசாரியுங்கள். பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்களும் இருக்கின்றன. ஆனால் போன முதல் மாதத்திலேயே, வெங்காயம் உரிக்க விட்டார்கள், கோப்பை கழுவ விட்டார்கள் என்று அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தால், வந்துவிடு என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். சம்பளம் தருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள், அதைக் கட்டாயம் கேளுங்கள்.

தட்டு அலங்காரத்துக்கு எழுதிக்கொண்டு வந்த தாள்கள் வாசிக்காமலே கையில் இருக்கின்றன. தம்பி இன்னொரு நாள் கூப்பிட்டால் வாசிக்கிறேன். நன்றி, வணக்கம்.